வழிச்செலவு

விட்டோரியா

விட்டோரியாவில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பால்கனிக் கம்பியில் சாய்வதில்லை. இரும்புத் தாதுத் தூசி படிந்திருக்கும். கறுப்புப் பொடி என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காலையில் துடைத்த ஜன்னல் திண்டில் மாலையில் விரல் வைத்தால் மினுமினுவென்று ஒட்டுகிறது. கம்பூரி கடற்கரையில் நின்று வளைவின் கடைக்கோடியைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மணல் முடிகிற இடத்தில் துபராவ் துறைமுகம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து மலைகளை வெட்டி, ரயிலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து கப்பலில் கொட்டுகிறார்கள். 1966 முதல் இது நடக்கிறது. அந்த முனையைப் பார்த்தபடியே பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள், பெரியவர்கள் இளநீரும் கையுமாக நடை போகிறார்கள். இளநீரை ஐஸில் போட்டு வைத்துத்தான் விற்கிறார்கள். தொண்டைக்குச் சுகம், நாக்குக்கு ருசி குறைவு.

பிரேசிலின் இந்த மூலைக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. நான் வந்தது செபாஸ்தியாவ் சல்காடோவுக்காக. 2025 மே 23 அன்று பாரிஸில் 81 வயதில் இறந்துபோன அந்தப் புகைப்படக்காரரின் ஒரு படமாவது நம் ஊரில் கேமரா பிடிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரும்பாலும் அது தங்கச் சுரங்கப் படமாக இருக்கும்: ராட்சதக் குழி, சரிவில் ஏணிகள், ஏணிகளில் மூட்டை சுமக்கும் ஆயிரக்கணக்கான சேற்று மனிதர்கள். புகைப்படப் பட்டறைகளில் அவர் கதையைச் சொல்லும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும். பொருளாதார வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேமராவோடு உலகம் சுற்றக் கிளம்பினார் என்பார்கள். கேட்கிற பையன்களுக்குக் கண் மின்னும். அதில் ஒருவன் அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான். உலகம் சுற்ற வழிச்செலவு யார் கொடுத்தது என்று மட்டும் எந்த மேடையிலும் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

உள்நாட்டு ஊரான ஐமொரேஸில் 1944இல் பிறந்த சல்காடோ, பதினைந்து வயதில் படிப்புக்காக இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தார். பொருளாதாரம் படித்ததும் இங்கேதான். பிரெஞ்சு வகுப்புக்குப் போன இடத்தில் லேலியாவைச் சந்தித்ததும் இங்கேதான். ராணுவ ஆட்சிக்கு எதிரான இளைஞர்களோடு இருவரும் சேர்ந்திருந்தார்கள். 1969இல், திருமணமாகி இரண்டே வருடத்தில், பாரிஸுக்குத் தப்பிப் போனார்கள். அங்கே லேலியா கட்டடக் கலை படித்தார். கட்டடங்களைப் படமெடுக்க அவர் ஒரு பென்டாக்ஸ் கேமரா வாங்கினார். கணவர் அதை எடுத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்போது அவருக்கு லண்டனில், சர்வதேசக் காப்பி அமைப்பில் உத்தியோகம். காப்பி விவசாயத் திட்டங்களைப் பார்வையிட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அறிக்கை எழுதப் போன இடத்தில் படங்களும் எடுத்தார். ஆக, முதல் வழிச்செலவைக் கொடுத்தது காப்பி. 1973இல் வேலையை விட்டபோது, எங்கே போவது, எதை எடுப்பது, அந்த ஊரின் பணம் எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் தெரிந்த மனிதராக இருந்தார். கையில் இருந்த சேமிப்பு லென்ஸ்களுக்குப் போனது. தூக்கி எறிந்தார் என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

கோயாபெய்ராஸ்

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சதுப்புக் காட்டை ஒட்டிய பேட்டை. மண்சட்டி செய்யும் பெண்கள் ஒரு கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சக்கரம் கிடையாது. களிமண் உருண்டையை மடியருகே வைத்து, குடைந்து, கையாலேயே இழுத்து விளிம்பு கட்டுகிறார்கள். காய்ந்ததும் வழவழப்பான ஆற்றுக் கல்லால் தேய்க்கிறார்கள். திறந்த வெளியில் விறகு அடுக்கிச் சுட்டு, சட்டி கணகணவென்று இருக்கும்போதே சதுப்பு மரப் பட்டையை ஊறவைத்த சாயத்தைத் துடைப்பத்தால் விசிறி அடிக்கிறார்கள். சுர்ரென்று ஆவி எழும்பி, சிவப்புச் சட்டி கறுத்துப் போகிறது. 2002இல் பிரேசில் அரசு தன் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவுசெய்த கைத்தொழில் இது.

எனக்கு மொழிபெயர்க்கத் துணைக்கு வந்தவர் இந்த ஊரைச் சேர்ந்த இளம் புகைப்படக்காரப் பெண். கேமராவை எடுத்ததும் ஒரு மூத்த குயவர் அம்மாள் தலை நிமிராமல் ஏதோ சொன்னார். கொட்டகையே சிரித்தது.

“என்ன சொல்கிறார்?”

“இந்தக் கையை எடுத்த படம் எத்தனை நாட்டில் இருக்கிறதோ தெரியாது, சட்டி வாங்கினவர்களைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும் என்கிறார்.”

சட்டி வாங்கினேன். இங்கிருந்து சென்னைக்கு உடையாமல் அதைக் கொண்டுபோவது பிறகு பார்க்க வேண்டிய கவலை.

மதியம் அதே மாதிரிச் சட்டியில் மொகேக்கா வந்தது. மீன் துண்டுகள், தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, நிறத்துக்கு ‘உருக்கும்’ என்ற ஒரு விதை. தண்ணீர் ஊற்றுவதில்லை, மீன் விட்ட நீரிலேயே வேகிறது. பாஹியா மாநிலத்துக்காரர்கள் இதில் தேங்காய்ப் பாலும் பனை எண்ணெயும் சேர்ப்பார்கள். அதைச் சொன்னாலே இங்கே முகம் சுளிக்கிறார்கள். புளியும் மிளகாய்த் தூளும் இல்லாத மீன் குழம்பை மனது ஏற்க இரண்டு வாய் ஆனது. மூன்றாவது வாயில், நாம் மீனின் ருசியைக் குழம்புக்குள் அமுக்கிவிடுகிறோமோ என்று தோன்றியது. நாலாவது வாயில் ஊறுகாய் இருந்தால் தேவலை என்றும் தோன்றியது.

கரியாசிக்காவிலிருந்து கொலாட்டினா

காலையில் கரியாசிக்கா நிலையத்தில் தண்டவாளத்தைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். மீட்டர் கேஜ்! எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்கு இதே அகலத்தில் ஆடிக்கொண்டே போன தலைமுறை நான். நாம் பெயர்த்துப் போட்டுவிட்ட அந்த ஒரு மீட்டர் பாதையில் இவர்கள் 200க்கும் மேற்பட்ட தாது வேகன்களை ஒரே கோவையாக இழுக்கிறார்கள். வாலே என்ற சுரங்கக் கம்பெனியின் பாதை இது. பெலோ ஒரிசோண்ட்டி வரை 664 கிலோமீட்டர், ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். பிரேசிலில் தினமும் ஓடுகிற நெடுந்தூரப் பயணிகள் ரயில் இது ஒன்றுதான். 1904இல் முதல் துண்டு திறந்தபோது காப்பி மூட்டைகளுக்காகப் போட்ட பாதை. இரும்பு பிறகு வந்தது.

எதிர் இருக்கையில் பாதை பராமரிப்பு வேலையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். மனைவி டப்பாவைத் திறந்து பாலாடைக்கட்டி போட்ட மரவள்ளி உருண்டை ரொட்டியை எங்களுக்கும் நீட்டினார். வெளியே மொட்டையான குன்றுகள், வெள்ளை மாடுகள், நடுவில் திடீரென்று ஆளுயரக் கள்ளிகூட இல்லாத வழுக்குப் பாறை மலைகள். எதிர்ப் பாதையில் தாது ரயில் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கடந்து முடியும்வரை ஜன்னலில் வேறெதுவும் இல்லை.

“உங்கள் ஊரில் எதை ஏற்றுவார்கள்?” என்று பெரியவர் கேட்டார். நிலக்கரி, அரிசி, உரம், சிமெண்டு என்றேன். “மனிதர்களையும்” என்று சேர்த்துக்கொண்டேன். பம்பாய் சர்ச்கேட் நிலையத்தில் 1995இல் சல்காடோ எடுத்த படம் நினைவில் இருந்தது: இரண்டு பக்கமும் மின்சார ரயில்கள் அசையாமல் நிற்க, நடைமேடையில் ஜனங்கள் கலங்கலாக ஓடுகிறார்கள். கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்தவர்களைப் பற்றிய வரிசையில் தாராவியும் உண்டு. நம் நெல்லைச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கிற அதே தாராவி. தன்பாத் நிலக்கரித் தொழிலாளர்களையும் அவர் எடுத்திருக்கிறார்.

அந்த நெடும்பயணங்களுக்கு யார் கட்டினார்கள் என்ற என் கணக்கைத் துணைக்கு வந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போனேன். வேலையை விட்டபின் சிக்மா, காமா என்று பாரிஸ் படச் செய்தி நிறுவனங்களில் கூலி வேலை. எங்கே தீப்பிடித்தாலும் ஓட வேண்டும். 1979இல் மேக்னம் புகைப்பட நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 1981 மார்ச்சில், அமெரிக்க அதிபர் ரீகனின் முதல் நூறு நாட்களை எடுக்கும் பத்திரிகைப் பணியில் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்றபோது, கண்ணெதிரில் ரீகனைச் சுட்டார்கள். அந்தப் படங்களை உலகப் பத்திரிகைகள் போட்டி போட்டு வாங்கின. அந்தப் பணத்தில்தான் தன் சொந்த வேலையாக ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1984-85 பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சஹேல் பகுதியில் சுற்றினார். பிறகு உலகத் தொழிலாளர்கள் பற்றிய ஆறு வருட வேலை. பல நாட்டுப் பத்திரிகைகளுக்குத் தவணை தவணையாக விற்று நடத்தியது. ஒரு குண்டும் சில தவணைகளும் இல்லாவிட்டால் அந்தப் புத்தகங்கள் இல்லை.

“எனக்கு ஃபோர்மத்தூரா” என்றார் அந்தப் பெண். பட்டமளிப்பு விழாக் கொண்டாட்டம். இங்கே பிள்ளை கல்லூரி முடித்தால் குடும்பங்கள் மண்டபம் பிடித்து, கவுன் தைத்து, விடியவிடிய ஆடி, ஆல்பம் போடுகின்றன. அவர் மீன்பிடிக் குடியிருப்புகளைப் பற்றி ஒரு வரிசை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கட்டுவது அந்த ஆல்பங்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஆவணப் புகைப்படக்காரர்கள் முகூர்த்த மாதங்களில் போனை எடுக்கமாட்டார்கள் என்றேன். தை, வைகாசி, ஆவணி என்று மாதப் பெயர்களைச் சொல்லிச் சிரித்தோம். மதுரையில் வளைகாப்பும் காதுகுத்தும் எடுத்து, அந்தக் காசில் உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவன் தன்னை அரைகுறைப் புகைப்படக்காரன் என்று நினைத்துக் கூசுவதைப் பார்த்திருக்கிறேன். அவனிடம் இந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொலாட்டினாவில் ரியோ டோசி ஆறு பக்கத்தில் வந்து சேர்ந்தது. அகலமான, மெலிந்த, பழுப்பு ஆறு. 2015 நவம்பர் 5 அன்று ஆற்றின் மேல்பகுதியில் மரியானா அருகே சமார்க்கோ கம்பெனியின் சுரங்கக் கழிவு அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு 600 கிலோமீட்டருக்கு மேல் இந்த ஆற்று வழியே இறங்கி சுமார் இரண்டு வாரத்தில் கடலில் சேர்ந்தது. கொலாட்டினாவில் குழாயை மூடினார்கள், ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. சமார்க்கோவின் சரிபாதி உடைமையாளர்களில் ஒன்று, நான் டிக்கெட் வாங்கிய இதே வாலே. பெரியவர் ஜன்னலைக் காட்டி, “மீன் வருகிறது என்கிறார்கள். என் மனைவி வாங்கமாட்டாள்” என்றார். அந்த அம்மாள் ரொட்டி டப்பாவை மூடிவைத்தார்.

ஐமொரேஸ்

வெயில் அப்படியே திருநெல்வேலி. நிழலிலிருந்து நிழலுக்குத் தாவிப் போகிற மனிதர்களும் அப்படியே. மாநில எல்லையைத் தாண்டியாயிற்று, காப்பியில் கேட்காமலே சர்க்கரை போட்டுத் தருகிறார்கள். ஊரை ஒட்டி ஆற்றுப் படுகையில் பாறைகள் எலும்பு தெரியக் கிடக்கின்றன. நீர்மின் நிலையத்துக்காக ஆற்றைக் கால்வாயில் திருப்பிவிட்டதில், ஊர்ப்பக்க ஆற்றுக்கு மிச்சம்தான் வருகிறது.

கடைக்காரரிடம் சல்காடோ என்றால் ஒரு நொடி யோசித்து, “தியாவ்!” என்கிறார். செபாஸ்தியாவ் என்ற பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் வீட்டுப் பெயர். ஏழு பெண்களுக்கு நடுவே ஒரே பையன். அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. தான் எடுத்த படங்களில் வெளிச்சம் பெரும்பாலும் ஆளுக்குப் பின்னாலிருந்து வருவதற்கு இந்த ஊரைத்தான் அவர் காரணம் சொல்வார்: தன்னை நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போன அப்பா, வெயிலை முதுகில் வாங்கியபடி நடந்து வருவதைப் பார்த்தே வளர்ந்ததாக. இந்தத் தெருவில் மதியம் நின்று பார்த்தேன். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் கறுப்பு உருவங்கள், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கலைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளை நான் சுலபத்தில் நம்புவதில்லை. இதை நம்பலாம்.

இந்த ஊருக்கு அவரால் பத்து வருடம் வர முடியவில்லை. ராணுவ அரசு 1979இல் பொது மன்னிப்பு அறிவிக்கும்வரை பிரேசில் கதவு மூடியிருந்தது. அந்த ஏக்கத்தில்தான் 1977இல் ஈக்வடார், பொலிவியா, பெரு என்று அதே கண்டத்து நாடுகளின் மலைக் கிராமங்களைச் சுற்றத் தொடங்கினார். வேலி ஓரமாக நடந்து தன் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல. அவர் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதில் விளைந்த ‘வேறு அமெரிக்காக்கள்’தான். பிற்காலப் பிரம்மாண்டம் அதில் இல்லை, தனிமை இருக்கிறது.

தங்கக் குழிக்கு அவர் போனது 1986இல், வடக்கே பாரா மாநிலத்து செர்ரா பெலாடாவுக்கு. ஐம்பதாயிரம் பேர் கையால் தோண்டிய அந்தக் குழியின் சுரங்க உரிமை, முதலில், அப்போது அரசுடைமையாக இருந்த வாலே கம்பெனியிடம் இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே பெயர் வருகிறதே என்றால், இந்த நாட்டில் மண்ணைத் தொட்ட எவருடைய கதையிலும் வரும்.

புல்காவ் பண்ணை

ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். சாலையின் ஒரு பக்கம் மேய்ந்து தேய்ந்த செம்மண் குன்று, மழைநீர் கீறிய வாய்க்கால்கள். மறுபக்கம் காடு. எல்லை அவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

1994இல் ருவாண்டா இனப்படுகொலையின் பிணங்களையும் அகதிகளையும் எடுத்துத் திரும்பிய சல்காடோவின் உடல் நலிந்தது. நோய் எதுவுமில்லை, இப்படியே போனால் செத்துவிடுவீர்கள் என்று மருத்துவர் சொன்னதாக அவர் பேசியிருக்கிறார். அகதிகள் வேலையை 1999வரை இழுத்து முடித்தார். வயதான பெற்றோர் இந்தப் பண்ணையை அவரிடம் ஒப்படைத்தபோது அது மாட்டுக்கும் ஆகாத நிலம். சின்ன வயதில் பாதிக்கு மேல் காடாக இருந்த இடத்தில் நூற்றில் அரைப் பங்குகூட மிஞ்சவில்லை. இருந்த காட்டைத் திரும்ப நடுவோம் என்பது லேலியாவின் யோசனை. 1998இல் தெர்ரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சுமார் 600 ஹெக்டேரில் அட்லாண்டிக் காட்டின் உள்ளூர் மரங்களாகவே 20 லட்சத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள்.

வறட்சிக் காலம் என்பதால் இப்பே மரங்கள் இலை உதிர்த்து மஞ்சளாகப் பூத்திருந்தன. பெங்களூர்ச் சாலைகளில் தபெபூயா என்று நாம் பார்க்கிற குடும்பம். நாற்றங்காலில் ஒரு தொழிலாளி தட்டுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். முதலில் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் சாகிற ஜாதிகளை நட வேண்டும், அவற்றின் நிழலில்தான் நிதானமாக வளர்கிற பெருமரங்கள் பிழைக்கும் என்றார். முன்பு இவர் மாடு மேய்த்தவர்.

“எந்த வேலை கஷ்டம்?”

“மாடு தானாக வீட்டுக்கு வரும். புல்லைத்தான் நிறுத்த முடியாது.” மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் புல், கன்றுகளை மூடி அமுக்குகிறது. தீயும் அதில்தான் பிடிக்கிறது.

வறண்டுபோன ஊற்றுகள் திரும்பிவிட்டன. ஒன்றைக் காட்டினார். வேர்களுக்கு நடுவே இரண்டு கை அகலத்தில் தெளிந்த தண்ணீர். இதே முறையில் ரியோ டோசிப் படுகை முழுக்கச் சின்ன விவசாயிகளின் ஊற்றுகளுக்கு வேலி கட்டிக் கன்று தருகிற திட்டமும் ஓடுகிறது. அவருடைய எந்தப் படமும் இந்த ஊற்றளவுக்கு எனக்கு வியப்பாக இல்லை என்று சொன்னால் நண்பர்கள் அடிக்க வருவார்கள்.

இந்தக் காட்டுக்குக் கைகொடுத்தவர்களில் வாலேயும் உண்டு. மனிதன் கெடுக்காத நிலங்களைத் தேடி 2004இல் தொடங்கி 30க்கும் மேற்பட்ட பயணங்களில் எடுத்த ‘ஜெனிசிஸ்’ படக் கண்காட்சியையும் அந்தக் கம்பெனிதான் முன்னின்று வழங்கியது. 2013இல் லண்டனில் அதைத் திறந்தபோதே எதிர்ப்பு எழுந்தது. இரண்டு வருடம் கழித்து அணை உடைந்தது. ஆற்றை மீட்க ஒரு நிதியம் வேண்டும் என்று சல்காடோ அரசிடம் திட்டத்தோடு போனார். கம்பெனியைக் கடுமையாகச் சாடவில்லை என்ற குறை அவர் சாகும்வரை இருந்தது.

துன்பத்தை அழகாக்கிவிட்டார் என்ற பழி இன்னும் பழையது. அகதிப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர்கூட இல்லையே என்று விமர்சகர் சூசன் சோண்டாக் 2003இல் எழுதினார். பெயர் விஷயத்தில் நான் சோண்டாக் கட்சி. கொட்டகையில் சட்டி வாங்கச் சொன்ன அம்மாளும் அந்தக் கட்சிதான். அழகு விஷயத்தில் இல்லை: அந்தச் சுரங்கத் தொழிலாளியை அசிங்கமாக எடுத்திருந்தால் அவருக்கு ஒரு ரூபாய் கூடியிருக்காது. கம்பெனிப் பணத்தைப் பொறுத்தவரை, அதை வாங்காமல் இந்த ஊற்று திரும்பியிருக்குமா என்று கேட்டால் பதில் தெரியும். வாங்கியதால் வாய் எவ்வளவு கட்டுப்பட்டது என்பதை அவர் மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். பணத்தின் ஓட்டத்தைப் படித்த பொருளாதாரக்காரர் அதைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு உறுத்துகிறது.

ரெஸ்ப்ளெந்தோர்

மறுபடியும் ரயில், மேற்கு நோக்கி. ரெஸ்ப்ளெந்தோர் அருகே ஆற்றின் அக்கரையில் கிரெனாக் பழங்குடியினரின் நிலம். ‘வாட்டு’ என்று அவர்கள் அழைக்கும் இந்த ஆறு அவர்களுக்குப் பாட்டனார். அணை உடைந்த அதே மாதம், குடிக்க நீரில்லாமல் இந்தத் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறித்தார்கள். தாது ரயில் நின்ற பிறகுதான் தண்ணீர் லாரி பற்றிப் பேச்சு நடந்தது. அவர்களில் ஒருவரான எழுத்தாளர் அய்ல்டன் கிரெனாக் 2023இல் பிரேசில் இலக்கிய அகாதெமிக்குத் தேர்வானார், அங்கே நுழைந்த முதல் பழங்குடி. அந்தக் கரையைப் பார்ப்பதற்குள் எதிரில் ஒரு தாது ரயில் வந்து மறைத்துக்கொண்டது.

பக்கத்தில் துணைப்பெண்ணின் போனுக்கு சிக்னல் வந்து, குரல் செய்திகள் வரிசையாக இறங்கின. கவர்னடோர் வலடாரிஸில் ஒரு பட்டமளிப்பு விழா. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த ஊர் அது, காசு பாஸ்டனில் உள்ள அண்ணனிடமிருந்து வருகிறதாம். குடும்பத்துக்கு ஆல்பமும் வேண்டும், வீடியோவும் வேண்டும், பழைய விலையும் வேண்டும்.

“எவ்வளவு கேட்கட்டும்?” என்று என்னைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் வீடியோவுக்குத் தனி ஆள், தனி ரேட், பாதி அட்வான்ஸ் என்றேன். ட்ரோன் என்றால் இன்னும் தனி. அவர் போனை வாயருகே பிடித்து அதையே போர்ச்சுகீசில் சொல்ல ஆரம்பித்தார். அட்வான்ஸ் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.